கீழே, ஒன்பது தடவை

இன்னும் ஏறி முடியவில்லை. திரையின் நடுவில் ஒரு சின்ன மணற்கடிகாரம் கவிழ்வதும் நிமிர்வதுமாக இருக்கிறது, அதன் கீழே காத்திருக்கச் சொல்லி ஆங்கிலத்தில் ஒரு வரி, காத்திருக்கிறேன், நாற்பத்தாறு வயசுவரை வேறென்னத்தைச் செய்து கிழித்தேன். அப்பா குளியலறைக் கதவைச் சாத்தி ஐந்து நிமிடம் இருக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை நல்லெண்ணெயைத் தேய்த்து, ஸ்டூலில் உட்கார்ந்து ஊறி, சீயக்காய் போட்டு முடித்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆகும். உள்ளே போகும்போது, "ஏட்டி பேச்சி, நான் வாரதுக்குள்ள இதுக்கு உயிர் குடுத்து வையி" என்று இந்த ஃபோனை என் கையில் திணித்துவிட்டுப் போனார். உயிர் கொடுப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, பின்மூடியை நகத்தால் நெம்பி, பேட்டரியை எடுத்து, சிம்மை உருவி முந்தானையில் துடைத்து, மறுபடி உள்ளே தள்ளி, சிவப்புப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன், கண் விழித்துவிட்டது. இதைச் செய்ய இந்தத் தெருவில் ஆள் இல்லாமலா. ஆனால் இரண்டு நாள் இது செத்துக் கிடந்ததில் அங்கே கோவில்பட்டியில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வியாழக்கிழமை காலை ஆறேகாலுக்கு ஃபோன் வரவில்லை. சாயங்காலம் ஏழுக்கும் வரவில்லை. நான் அடித்தால், அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண் அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வெள்ளி காலையும் இல்லை என்றதும் வழுக்கி விழுந்திருப்பாரோ, அம்மா மாதிரியே சத்தமில்லாமல் போய்விட்டிருப்பாரோ என்று என்னவெல்லாமோ ஓடி, வீட்டுக்காரரிடம் சரியாகச் சொல்லக்கூட நிற்காமல் பஸ் ஏறி பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தால், மனிதர் சமையல்கார அம்மா வைத்துவிட்டுப் போன இட்லியைத் தட்டில் தடவித் தடவித் தின்றுகொண்டிருக்கிறார், ஃபோன் ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது, ஆள் நன்றாக இருக்கிறார் என்ற நிம்மதியில் நேற்று அதை நான் தொடக்கூட இல்லை. பயந்தது உண்மை. ஆனால் கயத்தாறு தாண்டும்போது பயத்துக்கும் அடியில் இன்னொன்று ஓடியது, அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஒருவேளை அவர் மறுபடியும் பிரேமாவுக்குப் போட ஆரம்பித்துவிட்டாரோ என்று. ஃபோன் அணைந்து கிடக்கும்போது யாருக்குப் போடுவார் என்று யோசிக்கும் புத்தி அப்போது இல்லை. பிரேமா என் தங்கை, ஒரே தங்கை, மதுரையில் இருக்கிறாள்.

கடிகாரம் மறைந்து பட்டியல் வருகிறது, முதலில் வந்து நிற்பது யார், அவளேதான். காலித் திரையில் ஒரே ஒரு பெயர், பிரேமா, பக்கத்தில் குட்டியாக ஒரு ஃபோன் படம். வேறு ஒருத்தரும் இல்லை, அப்பாவின் உலகத்தில் அவள் மட்டும் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன் இப்படி என்று எனக்குத் தெரியும், வீட்டுக்காரரின் ரீசார்ஜ் கடையில் மத்தியானம் நான்தான் உட்காருகிறேன், இந்த மாதிரிப் பொத்தான் ஃபோன்கள் எத்தனை என் கையில் வந்து போயிருக்கின்றன. ஃபோனுக்குள்ளேயே பெயர் எழுதி வைக்க ஓர் இடம் உண்டு, சிம்முக்குள் ஓர் இடம் உண்டு. ஃபோனுக்குள் இருப்பவர்கள் ஆன் செய்ததும் வந்துவிடுவார்கள். சிம்முக்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராகப் படித்துக் கூட்டிக்கொண்டு வர வேண்டும், பழைய ஃபோன் என்றால் அதற்கு மூச்சு வாங்கும். இந்த ஃபோனை வாங்கிக் கொடுத்தவள் பிரேமா. அப்பாவின் பழைய சிம்மை இதில் போட்டாள், அதிலிருந்த பால்காரர், பென்ஷன் ஆபீஸ் ஆகியோருடன் நானும் சிம்மிலேயே கிடந்தேன், அவள் தன்னுடைய புது நம்பரை மட்டும் ஃபோனுக்குள் எழுதிக்கொண்டாள். வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். வேண்டுமென்று எதையும் செய்கிற அவசியமே அவளுக்கு வந்ததில்லை, எல்லாம் தானாக வந்து அவள் மடியில் விழும். சிம்மில் என் பெயரை எழுதியவளும் அவள்தான், எப்படி எழுதியிருக்கிறாள் தெரியுமா, பேச்சி அக்கா. யாருக்கு அக்கா, அப்பாவுக்கா. என் வீட்டுக்காரர் பெயர் அத்தான் கடை. ஃபோன் அப்பாவுடையது, அதற்குள் இருக்கிற உறவெல்லாம் அவளுடையது, நாங்கள் இரண்டு பேரும் அவளுக்கு என்ன வேண்டுமோ அதுவாகத்தான் அந்தப் பட்டியலில் இருக்கிறோம். அவள் பெயருக்கு மட்டும் முன்னால் பின்னால் ஒன்றும் கிடையாது. பிரேமா, அவ்வளவுதான், அதற்குமேல் அப்பாவுக்கு விளக்கம் வேண்டுமா என்ன.

பெயரைச் சொன்னால் எனக்கு அங்கேயே நின்றுவிடும். நான் முதலில் பிறந்தேன், குலதெய்வத்துக்கு நேர்ந்தபடி பேச்சியம்மாள் என்று வைத்தார்கள், பள்ளிக்கூடத்தில் பேச்சி பேச்சி என்று கூப்பிட்டே எனக்குப் பேச்சு குறைந்துபோனது. எட்டு வருஷம் கழித்து அவள் பிறந்தபோது தெய்வத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாகிவிட்டது, இனி மனசுக்குப் பிடித்ததை வைக்கலாம் என்று அப்பா சொன்னாராம், அம்மா இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். அப்போ எனக்கு வைத்தது மனசுக்குப் பிடிக்காததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அம்மா அதற்கும் சிரித்திருப்பாள். இன்னும் என்னைக் காணோம், திரையில் அத்தான் கடை வந்துவிட்டார், பெண்டாட்டியை விட்டுவிட்டு முன்னால் வந்து நிற்கிறார், கரண்ட் ஆபீஸ் வந்துவிட்டது. எனக்கு ஒரு புத்தி போயிற்று, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, இடுப்பில் சொருகியிருந்த என் ஃபோனை எடுத்து அப்பாவின் ஃபோனுக்கு அடித்தேன். மேஜைமேல் அது அதிர்ந்தது. திரையில் வெறும் பத்து எண், பெயர் இல்லை, பேச்சியும் இல்லை அக்காவும் இல்லை, யாரோ கடன் அட்டை விற்கக் கூப்பிடுகிறவள் மாதிரி. பெயர் ஏறி முடிவதற்குள் அடித்தால் இப்படித்தான் காட்டும் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், இருந்தும் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. குளியலறைக்குள்ளிருந்து, "ஏட்டி, யாரு" என்றார். "யாருமில்லப்பா, சோதிச்சுப் பாத்தேன்" என்றேன். தண்ணீர் ஊற்றும் சத்தம் இன்னும் கேட்கவில்லை, ஊறிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் இந்த நாலு மாசமாக யாருக்கு ஃபோன் வந்தது, அவளுக்கா. அதைச் சொல்ல வேண்டும். அப்பா முப்பத்திரண்டு வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். நெரிசலில் பார்க்காமலே டிக்கெட் கிழிப்பார், தலைகளை எண்ணுவது வெளியே தெரியாது, திருச்செந்தூர் போய்ச் சேரும்போது ஒரு தலை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கண்ணில் நீர் அழுத்தம் வந்து பார்வை நிழல் நிழலாக மங்கிய பிறகு ஃபோனையும் அப்படியே எண்ணிப் பழகிக்கொண்டார். பட்டியலைத் திறப்பார், கீழே போகிற பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்துவார், ஒவ்வொரு அழுத்தலுக்கும் டிக் என்று ஒரு சத்தம், இன்ன ஆளுக்கு இத்தனை டிக், பிறகு பச்சைப் பொத்தான். இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் நேரே தனக்கு வரும்படி பண்ணித் தருவதாகப் பிரேமா ஒரு தடவை சொன்னதற்கு, "அழுத்திப் பிடிக்கதுக்கு இது என்ன பஸ் பெல்லா" என்று விட்டுவிட்டார். அந்த எண்ணிக்கையில் வெகுநாள் எனக்கு இடமே இல்லை. காலையும் மாலையும் பிரேமாவுக்குத்தான் போடுவார், நான் போட்டால் எடுத்துப் பேசுவார், நல்லாயிருக்கியா, மாப்பிள்ளை நல்லாயிருக்காரா, சரி வைக்கட்டா. ஐப்பசியில் கண் ஆபரேஷன், போன பார்வை திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்ற. பிரேமாவின் மகன் தருணுக்குக் காய்ச்சல், அவளால் வர முடியவில்லை, நான் வந்து பத்து நாள் இருந்தேன். சொட்டு மருந்து நான்தான் விட்டேன், முகத்தைத் துடைத்துவிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ பேசினேன். நான் ஊர் திரும்பிய மறுநாள் காலை ஆறேகாலுக்கு என் ஃபோன் அடித்தது, அப்பா. சாயங்காலம் ஏழு மணிக்கு, அப்பா. அன்றிலிருந்து ஒரு நாள் தப்பவில்லை. நாற்பத்தாறு வயதில் ஒருத்திக்கு அப்பா கிடைத்தால் அவள் என்ன செய்வாள், நான் ஆறு மணிக்கே எழுந்து ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். பத்து நாள் பக்கத்தில் இருந்து பார்த்தது வீண்போகவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது, யார் உண்மையில் யார் என்று தெரிந்துவிட்டது. பிரேமாவிடம் பேசும்போது இதைச் சொல்லாமல் இருக்க முடிந்ததா என்னால், காலைல அப்பா பேசுனார்ட்டி, நேத்து ராத்திரி சாப்பாட்டுக்குக் கூட்டு நல்லா இல்லையாம்ட்டி, என்று அவள் கேட்காததையெல்லாம் எடுத்து வைப்பேன். அந்தப் பக்கம் கொஞ்சம் சத்தமில்லாமல் இருக்கும். அந்தச் சத்தமில்லாத இடம் எனக்கு அவ்வளவு இனித்தது.

இப்போது மறுபடியும் மேஜை அதிர்கிறது, நான் அடிக்கவில்லை. திரையில் பெயர் பளிச்சென்று வந்துவிட்டது, அவளுக்குத்தான் உடனே வருமே. எடுத்தேன். "யப்பா" என்றாள், ஓடி வந்து நிற்கிறவள் குரல். "அப்பா குளிக்காருட்டி, நான் பேச்சி." "யக்கா, நீ எப்ப வந்த. ரெண்டு நாளா போட்டுட்டே கெடக்கேன், போகவே இல்ல. பக்கத்து வீட்டு நம்பரும் எங்கிட்ட இல்ல. இன்னைக்கு இவுக லீவு போட்டுட்டு வண்டிய எடுக்காங்க, கெளம்பிட்டிருக்கோம்." "ஒண்ணுமில்ல, ஃபோன் நின்னு போச்சு. நேத்தே வந்துட்டேன்." "நேத்தே வந்தவ எனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா." சொல்லியிருக்கலாம்தான். நேற்று ராத்திரி சாப்பிடும்போது நினைத்தேன், அவளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், அப்புறம் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். "மறந்துட்டேம்ட்டி" என்றேன். பிறகு, "யக்கா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. நீ அப்பாட்ட என்னயப் பத்தி ஏதும் சொன்னியா" என்றாள். "நான் என்னத்தச் சொல்லப்போறேன்." "இல்ல, முன்னெல்லாம் காலைல ஆறேகாலு, சாயங்காலம் ஏழு, டாண்ணு போட்டுருவாரு. நீ ஆபரேஷனுக்கு வந்துட்டுப் போனேல்லா, அதோட நின்னுபோச்சு. நான் போட்டாத்தான் உண்டு. அன்னைக்கு என்னால வரமுடியலன்னு கோவமோ என்னமோ. தருணுக்கு அன்னைக்கு நூத்தி மூணு டிகிரிக்கா, அத அவருக்கு நீயாவது சொல்லக்கூடாதா." அழுகிறாளா, மூக்கை உறிஞ்சுகிறாளா, தெரியவில்லை. அவர் குளித்து வந்ததும் பேசச் சொல்கிறேன், நீங்கள் வண்டி எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். சந்தோஷப்பட வேண்டிய இடம், இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கெஞ்சுகிற மாதிரிப் பேசியது இதுதான் முதல் தடவை. ஆனால் அவள் சொன்ன நேரத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஆறேகால், ஏழு. அவளுக்கும் அதே ஆறேகால், அதே ஏழு. என் நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அவளுடைய நேரம்.

அதனாலென்ன, அப்பா நேரம் தவறாதவர், ஆளை மாற்றினாலும் நேரத்தை மாற்ற மாட்டார், பஸ் அதே பஸ்தானே, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே பட்டியலைப் பார்த்தால் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், நானும் வந்துவிட்டேன், பிரேமாவுக்கு நேர்மேலே, ஒட்டிக்கொண்டு. ஆங்கில எழுத்து வரிசை, இரண்டு பேருக்கும் முதலெழுத்து பி, அடுத்த எழுத்து எனக்கு ஈ, நடுவில் ஒரு டி போட்டு Petchi என்று எழுதியிருக்கிறாள், பிரேமாவுக்கு ஆர், அதனால் நான் முன்னே, இந்த ஒரு இடத்திலாவது மூத்தவள் மூத்தவளாக இருக்கிறேன். சும்மாதான் எண்ண ஆரம்பித்தேன். அத்தான் கடையில் நிற்கிறது, ஒரு அழுத்தல், ஆட்டோ செல்லதுரை. இரண்டு, கரண்ட் ஆபீஸ். மூன்று டாக்டர், நான்கு கேஸ், ஐந்து கோவில், ஆறு மாசானம், அப்பாவோடு டிரைவராக இருந்தவர். ஏழு பால், எட்டு பென்ஷன் ஆபீஸ். ஒன்பது, பேச்சி அக்கா. பத்து, பிரேமா. மறுபடி மேலே போய் எண்ணினேன், அதே ஒன்பது, அதே பத்து. ஆட்டோ செல்லதுரை. அந்தப் பெயரை எழுதியது யார், நான்தான். ஐப்பசியில், ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டுமே என்று, நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று, இதே மேஜையில் உட்கார்ந்து நான்தான் சிம்மில் எழுதினேன். அதற்கு முன்னால் ஆட்டோ கிடையாது. ஆட்டோ இல்லையென்றால் எல்லாரும் ஒரு படி மேலே. எனக்கு எட்டு, ஒன்பது அவளுக்கு. அப்பாவின் கட்டைவிரல் காலையும் மாலையும் ஒன்பது எண்ணிப் பழகிய விரல், அது எண்ணிக்கையை மாற்றவில்லை, ஆளையும் மாற்றவில்லை, நான் என் கையாலேயே ஒரு ஆட்டோவை நடுவில் நுழைத்து அவளைக் கீழே தள்ளிவிட்டு அவள் இடத்தில் போய் நின்றிருக்கிறேன். ஃபோன் கூப்பிட்டது அவளை. எடுத்தது நான். கூப்பிட்ட ஆட்களின் பட்டியலைத் திறந்தேன், இந்த ஃபோன் கடைசி இருபதை வைத்திருக்கும், பேச்சி அக்கா, பேச்சி அக்கா, பேச்சி அக்கா, நடுவில் ஒரு தடவை பால், அப்புறம் பேச்சி அக்கா. நேற்று வரைக்கும் இதைப் பார்த்திருந்தால் பூரித்துப் போயிருப்பேன்.

அந்த முதல் நாள். மொட்டைமாடியில் இல்லை, அன்று அடுப்படியில் இருந்தேன், ஃபோனை எடுத்ததும் நான் வாயைத் திறப்பதற்குள், "தருணுக்குக் காய்ச்சல் விட்டுட்டா" என்றார். நான் "யப்பா, நீங்களா" என்றேன். நீங்களா போட்டீங்க, எனக்கா போட்டீங்க, என்று உளறினேன். அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. பிறகு, "ம்" என்றார். "என்ன பண்ணுத, காப்பி குடிச்சுட்டியா." எனக்குப் போட்டுவிட்டு அந்தப் பிள்ளையை விசாரிக்கிறாரே என்று அப்போதும் எனக்கு எரிந்தது, எரிந்தது நினைவிருக்கிறது, ஆனால் காப்பி குடித்தாயா என்றதில் அது அணைந்துவிட்டது. அன்றைக்கே அடுத்த நிமிஷம் மறுபடியும் அடித்தார், எடுத்தேன், "கை பட்டுட்டு" என்று வைத்துவிட்டார். அதையும் நான் எப்படி எடுத்துக்கொண்டேன், பேசி முடித்தும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் மறுபடி போட்டார் என்று. அட மூதேவி. வீட்டுக்காரரிடம் வேறு சொல்லிப் பெருமைப்பட்டேன். குளியலறையில் தண்ணீர் விழுகிறது, முதல் செம்பு, சீயக்காய் போட ஆரம்பித்துவிட்டார், இன்னும் கால் மணி நேரம். என் விரல் ஆட்டோ செல்லதுரைமேல் நிற்கிறது. அழிக்கவா என்று கேட்கிறது ஃபோன். அழித்தால் ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அப்பாவின் ஒன்பது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும், அவள் யப்பா என்பாள், இரண்டு பேரும் தேனும் பாலுமாகிவிடுவார்கள், நான் கோவில்பட்டி மொட்டைமாடியில் காக்காய்க்குச் சோறு வைத்துக்கொண்டு நிற்பேன். வேண்டாம் என்று அழுத்தினால் ஆட்டோ அங்கேயே நிற்கும், ஆறேகால் எனக்கு, ஏழு எனக்கு. தப்பு யாருடையது, எழுத்து வரிசையுடையது. அவளுக்கு என்ன குறை, வேலைக்குப் போகிறாள், பிள்ளை இருக்கிறான், எனக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை, அவளுக்கு மாமியார் இல்லை, லீவு போட்டு வண்டி எடுக்கிற புருஷன் இருக்கிறான், முப்பத்தெட்டு வருஷம் அப்பாவையும் வைத்திருந்தாள், எனக்கு நாலு மாசம், வெறும் நாலு மாசம், அதையும் பிடுங்கிக் கொடுக்க வேண்டுமா. அவரும் சும்மா இல்லையே, என்னோடு பேசினாரே, கூட்டு நன்றாக இல்லை என்றாரே, அதெல்லாம் என்னிடம் சொன்னதுதானே. இல்லை, மாட்டிக்கொண்டதால் பேசினார். பேச்சியிடம் மாட்டிக்கொண்டோம், உடனே வைத்தால் தப்பாக நினைப்பாள், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைப்போம் என்று பேசியிருப்பார். கை தப்புகிறது, எண்ணிக்கை போய்விட்டது, கண்ணோடு இதுவும் போயிற்று என்று உள்ளுக்குள் பயந்துகொண்டு, யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அந்த மனிதர், தலை எண்ணி ஒரு நாள் தப்பாதவர். வேண்டாம் என்று அழுத்தினேன். ஆட்டோ அங்கேயே நின்றது. நான் கெட்டவள்தான், இருந்துவிட்டுப் போகிறேன்.

கதவு திறந்து சீயக்காய் வாசனை முன்னால் வந்தது, பின்னால் அப்பா, தலையில் துண்டு, சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "உயிர் வந்துட்டா" என்றார். "வந்துட்டு." "பேரெல்லாம் ஏறிட்டா." "ஏறிட்டு." "ஒண்ணும் விட்டுப் போகலையே, வரிசை மாறலையே" என்றார். வரிசை. அவருக்கு வரிசைதான் கவலை, ஒன்பதாம் இடம் பத்திரமாக இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறார், என்னைக் காவல் வைத்து என் வீட்டிலேயே திருடுகிற மாதிரி, எனக்கு உச்சிவரை ஏறியது. மாறவில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "ஐப்பசியிலயே மாறிட்டுப்பா" என்றேன். "ஆட்டோ நம்பரு போட்டேம்லா, அதுல ஒண்ணு கூடிப்போச்சு. ஒம்பது இப்ப நானு. உங்க பிரேமாவுக்குப் பத்து அமுக்கணும். நாலு மாசமா தப்பான ஆள்ட்ட பேசிட்டு இருக்கீங்க." சொல்லி முடித்ததும் அய்யோ என்றிருந்தது, அவர் முகம் எப்படிச் சுருங்கப் போகிறதோ என்று பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்தேன். அவர் துண்டால் காதுக்குள் துடைத்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார். எனக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்." "பத்துன்னு தெரியும். ரெண்டாம் நாளே பால்காரனுக்குப் போட்டா மாசானம்லா எடுத்தான். சரி, நடுவுல ஒரு ஆளு ஏறியிருக்குன்னு தெரிஞ்சு போச்சு." காது முடிந்து கழுத்துக்குப் போனார். நான் எழுந்து நின்றேன் போலிருக்கிறது. "தெரிஞ்சுமா ஒம்பதே அமுக்குனீங்க. அவ அங்க கெடந்து, அப்பா கோவமா இருக்காருன்னு அழுதா." அவர் கை கொஞ்சம் நின்றது. "அழுதாளா" என்றார். துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். "ஏட்டி, அவ ஏறுன நாள்லேருந்து உக்காந்து வந்தவ" என்றார். "நீ நின்னுக்கிட்டேதான் வந்த, எனக்குத் தெரியாமலா. அன்னைக்கு ஏதோ எடம் கெடச்சு உக்காந்துட்ட. நீங்களான்னு கேட்ட பாத்தியா, அந்தக் குரலக் கேட்டப்புறம் எழுப்பிவிட எனக்கு மனசு வரல."

இதுக்கு நான் என்ன செய்ய வேண்டும், அழவா, அவர் காலில் விழவா. நின்றுகொண்டு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, எட்டு வயதிலிருந்து நான் மென்று விழுங்கியதெல்லாம் எண்ணிக்கையில் இருந்திருக்கிறது, ஒரு தலை குறையாமல். அதே நேரம் இதுவும் குத்துகிறது, இடம் கொடுத்தார் என்றால் அது என்ன, பாசமா, பாவம் பார்த்ததா, பஸ்ஸில் பிள்ளைத்தாய்ச்சிக்கு எழுந்து கொடுப்பார்களே அதுவா. இவர் எனக்குக் கொடுத்தது அவளுடைய இடத்தைத்தானே, சொந்தமாக ஒரு இடத்தை அல்லவே. கேட்டுவிடலாம், வாய்வரை வந்தது, கேட்டால் இந்த மனிதர் உண்மையைச் சொல்லிவிடுவார், அதனால் கேட்கவில்லை. ஃபோனை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன், கை சுடுதண்ணீரில் ஊறிச் சுருங்கிக் கிடந்தது. "போடுங்க. ரெண்டு நாளா தவிக்கா, வண்டி எடுத்து வாரோம்னு நிக்கா." "நீ இருக்கும்போதா" என்றார். "நான் இருந்தா என்ன." அவர் பட்டியலைத் திறந்தார், முகம் என் பக்கம் இருந்தது, கட்டைவிரல் தானாகப் பொத்தானைத் தேடிக்கொண்டது. நான் அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டேன், திரும்பிக்கொண்டால் காது கேட்காமல் போகுமா. ஒன்று, இரண்டு, மூன்று என்று டிக் டிக்கென்று ஒரே சீராகப் போனது. எட்டு. ஒன்பது. அங்கே நின்றது. நானும் மூச்சை அங்கேயே நிறுத்திக்கொண்டு நின்றேன், இடுப்பில் என் ஃபோன் இருக்கிற இடம் சூடாக இருந்தது. பிறகு இன்னொரு டிக். அவள் முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.